சனி எங்கே நிற்கிறது? அண்ணாந்து பாருங்கள், தோழர்களே!

ஒரத்தநாடு பஸ் நிலையத்துச் சுவரிலும், சுற்றியுள்ள டீக்கடைப் பலகைகளிலும் ஒரு நோட்டீசு ஓயாமல் ஒட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டுகிறார்களாம். விடியுமுன் வேன் புறப்படும். இரவு திரும்பி வரும். கிரகத்துக்கு ஒரு தோஷம், தோஷத்துக்கு ஒரு பரிகாரம், பரிகாரத்துக்கு ஒரு கட்டணம்! நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ச் சேர்த்த கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு நம் தாய்மார்கள் அந்த வேனில் ஏறுகிறார்கள்.

இது நம் தஞ்சைத் தரணிக்கென்றே வாய்த்த யாத்திரை. சூரியனுக்குச் சூரியனார்கோயில், சந்திரனுக்குத் திங்களூர், செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோயில், புதனுக்குத் திருவெண்காடு, வியாழனுக்கு ஆலங்குடி, வெள்ளிக்குக் கஞ்சனூர், சனிக்குத் திருநள்ளாறு, ராகுவுக்குத் திருநாகேஸ்வரம், கேதுவுக்குக் கீழப்பெரும்பள்ளம். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் சுற்றுவதெல்லாம் காவிரிப் படுகையில் ஒரு நாள் வண்டிப் பிரயாணத்துக்குள் அடக்கம்! கோயில்கள் பழையவை, அழகானவை. அந்தக் கல்லில் உளி வைத்தவனும் உழைப்பாளிதான். அவற்றை நாம் குறை பேச வரவில்லை. நாம் கேட்பது வேறு. இந்த ஒன்பதில் ராகு கேது இரண்டையும் தள்ளிவிட்டால், மீதி ஏழையும் ஒரத்தநாட்டு வரப்பில் நின்றபடி வெறுங் கண்ணாலேயே பார்க்கலாமே! நோட்டீசு ஒட்டுகிறவர்களில் யாராவது ஒருவர், ஒரே ஒரு நாள், “அதோ சனி, பாரம்மா” என்று விரலை நீட்டிக் காட்டியதுண்டா?

காட்டமாட்டார்கள். காட்டினால் வியாபாரம் படுத்துவிடும். ஏன் என்று சொல்கிறோம், கேளுங்கள்.

2023-ஆம் ஆண்டில் சனிப்பெயர்ச்சி எப்போது நடந்தது? திருக்கணிதப் பஞ்சாங்கத்தைக் கேளுங்கள்: ஜனவரி 17-ல் சனி மகரத்தைவிட்டுக் கும்பத்துக்குப் போய்விட்டது என்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தைக் கேளுங்கள்: இல்லை, டிசம்பர் 20-ல்தான் போயிற்று என்கிறது. திருநள்ளாற்றில் டிசம்பர் 20-ஐத்தான் கொண்டாடினார்கள். ஜனங்கள் லட்சக்கணக்கில் கூடினார்கள். 2025-லும் இதே கூத்து. மார்ச் 29-ல் சனி மீனத்துக்குப் போகிறது என்றது ஒரு பஞ்சாங்கம். பொறு, அது 2026-ல்தான் என்றது மற்றது.

தோழர்களே, சனி ஒன்றுதான் இருக்கிறது. அது ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் நிற்கும். ஒரே மாட்டை இரண்டு கட்டுத்தறியில் கட்டியிருப்பதாக இரண்டு பேர் சத்தியம் செய்தால் நாம் என்ன செய்வோம்? கொட்டிலுக்குப் போய்ப் பார்ப்போம். அதைத்தான் வானத்திலும் செய்யவேண்டும் என்கிறோம்.

இந்தப் பதினொரு மாத வித்தியாசத்தில் தனுசு ராசிக்காரன் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். சனி கும்பத்துக்குப் போனால் தனுசு ராசிக்கு ஏழரைச் சனி தீர்ந்தது என்பது அவர்கள் சாஸ்திரம். ஆகவே, தனுசில் பிறந்த ஒரு மில் தொழிலாளிக்கு ஜனவரியில் ஒரு கோர்ட்டு விடுதலை வழங்கிவிட்டது. இன்னொரு கோர்ட்டு டிசம்பர் வரை ரிமாண்டில் வைத்திருந்தது. அந்தப் பதினொரு மாதத்தில் அவனுக்கு நேர்ந்த கஷ்டத்துக்குச் சனி பொறுப்பா, இல்லையா? இரு தரப்பு ஜோசியர்களும் சபை கூட்டி முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளட்டும். அப்புறம் நம் மடியில் கை வைக்கலாம்.

சண்டை எவ்வளவு தூரத்துக்கு என்று அளக்கக் கருவி வேண்டாம். உங்கள் கை போதும். கையை முன்னால் நன்றாக நீட்டி, விரல்களை மடக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முஷ்டியைப் பாருங்கள். வானத்தில் அது மறைக்கும் அகலம் ஏறத்தாழ 10 பாகை. முழுநிலவின் அகலமோ அரைப் பாகைதான். சனி நின்ற இடத்தைப் பற்றி இரண்டு பஞ்சாங்கத்துக்கும் இடையிலுள்ள தகராறு சுமார் 8 பாகை. பதினாறு பௌர்ணமி நிலவை வரிசையாக அடுக்கினால் வரும் நீளம்! நெல் அளக்கும்போது மரக்காலில் ஒரு பிடி குறைந்தால் நாம் விடுவோமா? இங்கே பதினாறு நிலவைக் காணோம், ஒருவரும் கேட்கவில்லை.

“ராசிக்கு வானத்தில் கோடா போட்டிருக்கிறது? எப்படிச் சரிபார்ப்பது?” என்று கெட்டிக்காரர்கள் கேட்பார்கள். கோடு இல்லை, சரிதான். ஆனால் நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவை இடம் மாறாதவை. எந்த நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தள்ளிச் சனி நிற்கிறது என்று அளந்தால், எந்தக் கணக்கு வானத்தோடு ஒத்துப் போகிறது, எது போகவில்லை என்பது தெரிந்துவிடும். அப்படி அளந்து, வாய்பாட்டைத் திருத்திக்கொண்டதுதான் திருக்கணிதம். வாக்கியமோ பல நூற்றாண்டுக்கு முந்திய வாய்பாடு. சின்னப் பிழைகள் வருஷா வருஷம் சேர்ந்து இன்று மலையாகிவிட்டன. கணக்கு சரியாகிவிட்டதால் பலனும் சரியாகிவிடும் என்று மட்டும் யாரும் ஏமாறவேண்டாம். ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று சரியாகச் சொல்கிறவனுக்கு உங்கள் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று தெரிந்துவிடாது.

இன்னொரு கணக்கும் பார்த்துவிடுவோம். இது இன்னும் ருசியானது. ராசி பன்னிரண்டு. ஏழரைச் சனி எந்த நேரத்திலும் மூன்று ராசியைப் பிடித்திருக்கும். அஷ்டமச் சனிக்கு ஒரு ராசி. அர்த்தாஷ்டமச் சனிக்கு ஒன்று. கண்டகச் சனிக்கு ஒன்று. கூட்டுங்கள்: ஆறு! ஆக, எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் நாட்டில் பாதிப் பேர் சனியின் பிடியில்! சனி நகரும், ஒரு கூட்டம் இறங்கும், வேறு கூட்டம் ஏறும், பாதி மட்டும் குறையவே குறையாது. இப்படி வாடிக்கை குறையாத கடையை எந்த முதலாளியும் இதுவரை திறந்ததில்லை. சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர 29 ஆண்டும் சில மாதங்களும் ஆகின்றன. அறுபது வயது வரை வாழ்கிறவனிடம் இரண்டு முறை வசூல்.

சரி, ஒரே ராசியில் பிறந்த மிராசுதாரையும் பண்ணையாளையும் எடுத்துக்கொள்வோம். சனி இருவரையும் ஒரே நாளில் பிடிக்கிறது. மிராசுதாருக்கு அந்த ஏழரை வருஷத்தில் ரைஸ் மில் ஒன்று கூடுகிறது. பண்ணையாளுக்குக் கடன் கூடுகிறது. கிரகம் ஆள் பார்த்து வேலை செய்கிறதா? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் தீயில் வெந்தன. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்த 44 பேருடைய ஜாதகக் கட்டத்திலும் ஒரே கிரகமா நின்றது? தீ வைத்த கைகள் பூமியில் இருந்தன. அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதும் பூமியில்தான். “எல்லாம் கிரகம்” என்று சொல்கிறவன் அந்தக் கைகளை நம் கண்ணிலிருந்து மறைக்கிறான். நம் ஆத்திரம் அதன் மேல்தான். எள் விளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வரும் கிழவி மேல் நமக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவள் பயத்தை விலை பேசுகிறவனை விடமாட்டோம்.

“வெள்ளைக்காரன் விஞ்ஞானத்தைக் கொண்டுவந்து நம் முன்னோரைப் பழிக்கிறார்கள்” என்று ஒரு கூச்சல் எழும். அதற்கும் பதில் இருக்கிறது.

1760-களில் லெ ழான்டீல் என்ற பிரெஞ்சு வானநூலார் புதுச்சேரிக்கு வந்தார். வெள்ளி கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்து போவதை அளக்கத்தான் அத்தனை கடல் தாண்டி வந்தார். 1761-ல் யுத்தம் காரணமாகக் கரையிறங்க முடியாமல் கப்பலிலேயே நின்றார். எட்டு வருஷம் காத்திருந்து 1769-ல் பார்க்க முனைந்தபோது மேகம் மூடிவிட்டது. பாவம்! ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. கிரகணம் கணிக்கும் தமிழர் ஒருவரிடம் உட்கார்ந்து கணக்குக் கற்றுக்கொண்டார். சோழிகளை வரிசையாக வைத்து, மனப்பாட வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, எழுதுகோல் தொடாமல் போடும் கணக்கு! 1765 ஆகஸ்டு 30 சந்திரகிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் அந்தத் தமிழ்முறைக் கணக்கு 41 விநாடி பிசகியது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையோ 68 விநாடி பிசகியது. 1825-லும் புதுச்சேரியில் வாரன் என்ற அதிகாரி இதே சோழிக் கணக்கை நேரில் கண்டு தம் புத்தகத்தில் எழுதிவைத்தார்.

ஆக, நம் முன்னோர் முட்டாள்கள் அல்லர். கணக்கில் புலிகள். வானத்தைப் பார்த்து வாய்பாடு கட்டினார்கள். அவர்கள் பிள்ளைகள் வாய்பாட்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்! இதைச் சொல்லிச் சண்டை போட்டவரும் ஒரு தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக் குடும்பத்தவர்தான். சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று பெயர். சென்னை வானாய்வுக் கூடத்தில் கூலிக்குச் சேர்ந்து முதல் உதவியாளர் வரை உயர்ந்தவர். 1867-ல் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை அவரே கண்டுபிடித்தார். 1874 டிசம்பர் 9-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, ஜனங்கள் அஞ்சாமல் புரிந்துகொள்ளவேண்டும் என்று ஆங்கிலத்திலும் நாட்டு மொழிகளிலும் சிறு புத்தகம் எழுதினார். கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப் போகாத பஞ்சாங்கத்தைத் திருத்துங்கள் என்றார். நூற்றைம்பது ஆண்டாகப் போகிறது. பதினாறு நிலவுத் தகராறு இன்னும் தீரவில்லை.

நாங்களும் பேச்சோடு நிற்கவில்லை. 2025 ஜனவரியில், பொங்கல் கழிந்து சில நாட்களில், ஒரத்தநாடு வட்டத்தின் ஒரு தெருவில் ஒரு சிறிய தொலைநோக்கியை இரவல் வாங்கி நிறுத்தினோம். நல்ல காலம் அது! மேற்கே வெள்ளியும் சனியும் பக்கத்தில் பக்கத்தில், உச்சியில் வியாழன், கிழக்கே செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிராக வந்து நெருப்புப் பொறிபோல் எழும்பிக்கொண்டிருந்தது. நான்கு கிரகங்கள் ஒரே மாலையில்! அறுப்புக்குப் போய்வந்த கையோடு ஐம்பது அறுபது பேர் வரிசையில் நின்றார்கள்.

வெள்ளியைப் பார்த்தவர்கள் முதலில் நம்பவில்லை. அது பாதி நிலா மாதிரி வெட்டித் தெரிந்தது. ஆம், வெள்ளிக்கும் வளர்பிறை தேய்பிறை உண்டு. அது பூமியைச் சுற்றவில்லை, சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. 1610-ல் கலிலியோ இதைக் கண்டு சொன்னதற்காகத்தான் பெரிய மனிதர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். வியாழனுக்கு இரு பக்கமும் நான்கு துணைக்கோள்கள் ஒரே கோட்டில், நூலில் கட்டிய பொட்டுகள்போல. சனியின் வளையம் அந்தச் சமயத்தில் நமக்கு ஏறக்குறைய விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்ததால் தட்டாகத் தெரியவில்லை. மெல்லிய கோடாகத் தெரிந்தது.

“இதான் ஏழர நாட்டுச் சனியா அண்ணே? ஊசில கோத்த மணியாட்டம்ல இருக்கு!” என்றான் ஓர் இளைஞன்.

அறுபது வயதிருக்கும் ஒரு தாய் செவ்வாயைப் பார்த்துவிட்டு வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் நிமிர்ந்து, “இந்தச் செவப்புப் புள்ளியா தம்பி எம் மவ கல்யாணத்த மூணு வருசம் நிப்பாட்டுனிச்சு?” என்று கேட்டார். சிரித்தவர்கள் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். செவ்வாய் தோஷம் என்று சொல்லி வந்த வரன்களெல்லாம் திரும்பிப் போன வீடு அது. பூமியில் பாதிக்கும் சற்றே அதிகமான குறுக்களவு, துருப்பிடித்த இரும்பு மண், காற்று கொஞ்சம். அங்கே இறக்கிய வண்டிகள் மண்ணைத் தோண்டிப் படம் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நம் நாட்டு மங்கள்யானே 2014 செப்டம்பரில் அதைப் போய்ச் சுற்ற ஆரம்பித்தது. அந்தக் கோளில் கல்யாணத்தை நிறுத்தும் ஆபீசு எதுவும் தென்படவில்லை.

ராகுவும் கேதுவும் எங்கே என்று கேட்டார்கள். தொலைநோக்கியை எங்கே திருப்புவது? அவை பொருள்களே அல்ல. சந்திரன் போகும் பாதையும் சூரியன் போவதாகத் தெரியும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். இரண்டு வண்டித்தடங்கள் குறுக்கிடும் முச்சந்தி மாதிரி. முச்சந்தி யாரையும் விழுங்காது. சூரியனும் சந்திரனும் அந்தச் சந்திகளுக்குப் பக்கத்தில் ஒரே சமயம் வந்தால் கிரகணம், அவ்வளவே.

அந்த “அவ்வளவே”யைச் சொல்லாமல் மறைத்ததால் நாம் கொடுக்கும் விலையைப் பாருங்கள். 2019 டிசம்பர் 26 காலை கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக வளையச் சூரியகிரகணம் போயிற்று. ஆயுளில் ஒருமுறை வாசலுக்கு வரும் காட்சி! கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் எத்தனை வீட்டில்! பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருட்டறையில் உட்காரவைத்த கொடுமையை நாம் அறிவோம். அதே நாளில் கர்நாடகத்தில் கலபுரகி பக்கத்துக் கிராமத்தில் ஊனமுற்ற குழந்தைகளைக் கழுத்து வரை மண்ணில் புதைத்தார்கள், கிரகணம் குணமாக்கும் என்று. குழந்தைகள் அழும் படம் பத்திரிகைகளில் வந்தது.

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் அன்று பல ஊர்களில் சூரியக் கண்ணாடிகளோடு தெருவில் நின்று, ஜனங்களை அழைத்துக் காட்டினார்கள். அவர்களுக்கு நம் சபாஷ். ஆனால் கண்ணாடி இல்லாத வீட்டுக்கும் வழி இருந்தது. உச்சி வேளையில் கீற்றுக் கொட்டகைக்குள் தரையில் காசு காசாக வெளிச்சம் விழுகிறதே, பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு காசும் சூரியனின் படம்! கூரை ஓட்டை வழியாக வந்து விழும் படம். கிரகணத்தன்று அந்தக் காசுகள் எல்லாம் பிறையாக மாறும். மாடி வீட்டுக்காரனுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. சூரியனை நேராக மட்டும் எந்நாளும் பார்க்கவேண்டாம். எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி எதுவும் காப்பாற்றாது. கண் போனால் போனதுதான். சந்திரகிரகணத்துக்கு அந்தப் பயமும் இல்லை. 2025 செப்டம்பர் 7 ஞாயிறு இரவு 11 மணிக்கு நிலா முழுதும் மறைந்து, 82 நிமிஷம் செம்பு நிறத்தில் தொங்கியது. பூமியின் நிழல் அது. நிழலின் விளிம்பு வட்டமாக இருந்ததே, அதுதான் நாம் நிற்கும் பூமி உருண்டை என்பதற்குக் கண்கண்ட சாட்சி.

பீதி வியாபாரம் புதியதல்ல. 1962 பிப்ரவரியில் எட்டு கிரகங்கள் மகரத்தில் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று நாடு முழுதும் யாகம் வளர்த்தார்கள். குடம் குடமாக நெய் தீயில் போயிற்று. உலகம் அழியவில்லை. நெய்தான் அழிந்தது. 1979 ஜூலையில் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்கலம் விழப்போகிறது என்று ஊர் ஊராகத் தூக்கம் இழந்தார்கள்; அது இந்துமாக் கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் போய் விழுந்தது.

அன்று தெருவில் ஒரு தோழர் நேராகவே கேட்டார்: “எல்லாஞ் சரி தோழரே, இதப் பாத்தா கூலி கூடுமா? வயித்துக்கு ஆவுமா?” நியாயமான கேள்வி. கூலி கூடாது. அதற்கு வேறு வேலை செய்யவேண்டும். ஆனால் வயிற்றுக்கு ஆகாது என்பது தப்பு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாதுவருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான், சூரியனுக்கும் பருவமழைக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராயச் சொன்னார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வுக்கூடம் எழுந்தது. நூறாண்டுக்கு மேலாக அங்கே சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, நம் ஒரத்தநாட்டுத் தென்னைகளைத் தரையில் படுக்கவைத்ததே! அது கடலில் கருக்கொண்ட நாளிலிருந்து செயற்கைக் கோள்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. 1952 நவம்பர் 30 புயலில் தஞ்சை ஜில்லா ஜனங்களுக்கு அந்தக் கண் கிடையாது. (விழுந்த தென்னைக்கு நிவாரணம் வாங்கித் தரும் செயற்கைக் கோளை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.)

செயற்கைக் கோளைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறோம். 1957 அக்டோபர் 4! சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் வானேறிய நாள். 58 சென்டிமீட்டர் குறுக்களவு, 83 கிலோ சொச்சம் எடை. உலகம் பூராவும் ஜனங்கள் மொட்டை மாடியிலும் வயலிலும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சம்பளம் வாங்காத சாதாரண ஜனங்கள் கூட்டங் கூட்டமாகச் சேர்ந்து, கடக்கும் நேரத்தைக் குறித்துக் கொடுத்தார்கள். அந்தக் குறிப்புகளை விஞ்ஞானிகள் பாதையைக் கணிக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கும் விஞ்ஞானத்தில் பங்கு உண்டு என்று நிரூபித்த காலம் அது.

இன்றும் பார்க்கலாம். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணிக்கு ஒரு சுற்று வீதம் ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாட்களில் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் நம் தலைக்கு மேலேயே வரும். வெள்ளிபோல் பிரகாசம், மினுக்காது, சத்தம் இல்லை, ஐந்தாறு நிமிஷத்தில் வானத்தைக் கடந்துவிடும். சிவப்பு பச்சை விளக்கு மினுக்கினால் அது விமானம். இருட்டில் அது எப்படித் தெரிகிறது? வாய்க்காலில் இருட்டு விழுந்த பிறகும் தென்னை உச்சியில் மாலை வெயில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். நமக்கு மறைந்த சூரியன் அந்த உயரத்துக்கு இன்னும் மறையவில்லை. பாதி வானத்தில் திடீரென்று அணைந்துபோனால் பயப்படாதீர்கள். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது.

ஆனால் கயிற்றில் கோத்த விளக்குகள்போல் வரிசையாக நகரும் பொட்டுகளையும் சமீப காலத்தில் பார்த்திருப்பீர்கள். அது வேறு சரக்கு. 2019 மே மாதம் 60 கோள்களோடு ஆரம்பித்து, அமெரிக்கக் கோடீசுவரர் ஒருவரின் கம்பெனி ஆயிரக்கணக்கில் ஏற்றித் தள்ளியது. பூமியைச் சுற்றி வேலை செய்யும் செயற்கைக் கோள்களில் பாதிக்கு மேல் அந்த ஒரே கம்பெனியின் சொத்தாகிவிட்டது! வானம் எந்த நாட்டுக்கும் சொந்தமல்ல என்று 1967-ல் உலக நாடுகள் ஒப்பந்தம் எழுதின. நாட்டுக்குச் சொந்தமில்லையாம், கம்பெனி பட்டா போட்டுக்கொள்ளலாமாம்! தொலைநோக்கிப் படங்களில் அவற்றின் கோடுகள் குறுக்கே விழுந்து வேலையைக் கெடுக்கின்றன என்று உலக விஞ்ஞானிகள் முறையிட்டார்கள். பூமியில் மிராசுகளைப் பார்த்தோம். மேலேயும் ஒரு மிராசு கிளம்பியிருக்கிறது. அண்ணாந்து பார்க்காதவனுக்கு இது தெரியவே தெரியாது.

தொலைநோக்கி பெரிய மனிதர் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையிலும் கோவையிலும் வசதியுள்ள கனவான்கள் விலையுயர்ந்த கருவி வாங்கி வைத்திருக்கிறார்கள்; வானம் இல்லை அவர்களிடம். தெருவிளக்கும் புகையும் தின்றுவிட்டன. விடியுமுன் நாற்றுப் பறிக்க இறங்குகிற நமக்கு விடிவெள்ளி தெரியும். இரவு மடை காக்கிறவனுக்கு ஆறாமீன் எப்போது உச்சிக்கு வரும் என்று தெரியும். இருட்டு நம் சொத்து! சாதாரண பைனாகுலர் ஒன்றைத் தென்னை மரத்தில் சாய்த்து ஆடாமல் பிடித்தால் வியாழனின் நான்கு துணைக்கோள்களும் தெரியும். தினமும் அதே நேரத்தில் நோட்டில் நான்கு பொட்டு வைத்து வாருங்கள். உள்ளே இருப்பது இரண்டு நாளுக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். வெளியே இருப்பதற்குப் பதினேழு நாள் ஆகும். மூன்று வாரத்தில் உங்கள் நோட்டே உங்களுக்குச் சொல்லிவிடும். மில்லில் ஷிப்டு மாறுகிறவர்கள் இரண்டு பேராகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஒரத்தநாட்டில் சத்திரம் கட்டிய சரபோஜி மன்னர் இருநூறு ஆண்டுக்கு முன்பே தம் அரண்மனைக்கு விஞ்ஞானக் கருவிகளைக் கப்பலில் வரவழைத்தார். அரண்மனைக்கு வந்தது ஊர்ப்புற நூலகத்துக்கு வரக்கூடாதா? ஒவ்வொரு ஊராட்சியின் நூலகத்திலும் ஒரு சிறு தொலைநோக்கி, அதைக் கையாளக் கற்ற ஒரு வாத்தியார், மாதம் ஒரு மாலை ஜனங்களுக்குத் திறப்பு. இதைக் கிராமசபையில் தீர்மானமாகக் கேளுங்கள். அது வரும்வரை சங்கக் கிளைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்று வாங்கலாம். வேன் யாத்திரைக்குப் போகும் பணத்தில் பாதி போதும்.

தேதி ஒன்றும் குறித்து வையுங்கள். 2031 மே 21, புதன்கிழமை. மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாக மறுபடியும் வளையச் சூரியகிரகணம். ஒரத்தநாட்டிலிருந்து வேதாரண்யத்துக்குப் பஸ்ஸில் போய்விடலாம். சூரியக் கண்ணாடி ஆளுக்கு ஒன்று வேண்டும். கடைசி நேரத்தில் கிடைக்காது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சோறு தண்ணீர் கொடுத்து, நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காட்ட, ஊருக்கு நாலு பெண் தோழர்கள் இப்போதே பேர் கொடுக்கட்டும்.